தூக்கம் தொலைத்தவர்களும் தூங்கிப்போனவர்களும்: 'ஸ்கின்னமரிங்க்' ரசிகர்களை இரண்டாகப் பிரித்தது ஏன்?

பார்த்த பிறகு இரண்டு நாள் விளக்கை அணைக்காமல் படுத்ததாகச் சொல்பவர்கள் ஒரு பக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டதாகச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் பேசுவது ஒரே படத்தைப் பற்றித்தான். கனடாவில் எடுக்கப்பட்டு 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்த 'ஸ்கின்னமரிங்க்'.

பேய்ப் படம் என்றால் "நல்லா பயமா இருந்துச்சு", "சுமாரா இருந்துச்சு" என்று ஏதோ ஒரு இடத்தில் கருத்து வந்து நிற்கும். இந்தப் படத்துக்கு நடுவே இடமே இல்லை. பத்தாண்டுகளில் வந்த மிக பயங்கரமான படம் என்று ஒருவர் எழுதினால், அடுத்தவர் "நூறு நிமிஷம் சுவரைக் காட்டினாங்க" என்கிறார். இதில் சுவாரசியம் என்னவென்றால், இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நூறு நிமிடம் பெரும்பாலும் சுவரைத்தான் காட்டுகிறார்கள். பயம் வருவதும் அந்தச் சுவரிலிருந்துதான்.

ரசனை சண்டை என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு படம் பார்வையாளருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறது, வைரல் ஆவது ஒரு சின்னப் படத்துக்கு நல்லதா கெட்டதா, 'புரியலை' என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா என்கிற மூன்று கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. டிக்கெட்டுக்கும் ஓடிடி சந்தாவுக்கும் காசு கொடுப்பவர்கள் எல்லாருக்கும் தேவையான கேள்விகள் இவை.

யார் எடுத்த படம் இது?

இயக்குநர் கைல் எட்வர்ட் பால். கனடாவின் எட்மன்டன் நகரத்துக்காரர். யூடியூபில் ஒரு சேனல் நடத்தினார். வேலை ரொம்ப எளிமை: பார்வையாளர்கள் தங்களுக்கு வந்த கெட்ட கனவை எழுதி அனுப்புவார்கள், இவர் அதைச் சின்ன வீடியோவாக எடுத்துப் போடுவார். இப்படிக் குவிந்த கனவுகளில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்ததை அவர் கவனித்தார். கனவு காண்பவர் சின்னப் பிள்ளையாக இருக்கிறார். சொந்த வீட்டில் இருக்கிறார். அப்பா அம்மாவைக் காணவில்லை, அல்லது இறந்துவிட்டார்கள். வீட்டுக்குள் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டும்.

இதை வைத்து 2020-ல் 'ஹெக்' என்று சுமார் அரை மணி நேரக் குறும்படம் எடுத்தார். அதன் நீட்சிதான் 'ஸ்கின்னமரிங்க்'. செலவு 15,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். நம்ம ஊரில் ஒரு நடுத்தரக் கார் வாங்கும் காசு. அதிலும் பெரும்பகுதி பொதுமக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டியது. படப்பிடிப்பு நடந்தது இயக்குநர் வளர்ந்த அதே வீட்டில். படத்தில் தெரியும் படிக்கட்டும் மாடி வராந்தாவும் அவர் சின்ன வயதில் இருட்டில் நடந்து பயந்தவையாகவும் இருக்கலாம்.

2022 ஜூலையில் மான்ட்ரியல் நகரில் நடந்த ஃபேன்டேசியா திரைப்பட விழாவில் முதல்முறையாகத் திரையிடப்பட்டது.

சரி, படத்துல என்னதான் நடக்குது?

(இங்கிருந்து கதை சொல்லப்படுகிறது. தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் அடுத்த துணைத்தலைப்புக்குப் போய்விடலாம். 'சொல்ல என்ன கதை இருக்கு' என்பதே பாதிப் பேரின் புகார் என்பது வேறு விஷயம்.)

ஆண்டு 1995. நான்கு வயது கெவின், ஆறு வயது கெய்லி. அண்ணன் தங்கை இல்லை, அக்கா தம்பி. ஆரம்பத்தில் கெவின் விழுந்து தலையில் அடிபட்டதாக அப்பா யாரிடமோ போனில் சொல்வது கேட்கிறது. பெரிய காயம் இல்லை என்கிறார். அன்று இரவு பிள்ளைகள் விழித்துப் பார்க்கும்போது அப்பா இல்லை. ஜன்னல்கள் மறைகின்றன. கதவுகள் மறைகின்றன. பாத்ரூமில் டாய்லெட்டே மறைந்துவிடுகிறது. இரண்டு பேரும் ஹாலில் போர்வையை விரித்து, டிவியில் பழைய கார்ட்டூனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பிறகு மாடியிலிருந்து ஒரு குரல் கூப்பிட ஆரம்பிக்கிறது.

கெய்லி மாடிக்குப் போகிறாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், கட்டிலுக்கு அடியில் பார்க்கச் சொல்கிறார். இந்தக் காட்சியைப் பற்றி மட்டும் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. படம் பிடிக்காதவர்கள்கூட அந்தச் சில நிமிடங்களை ஒத்துக்கொள்கிறார்கள். அப்புறம் அம்மா. அதன் பிறகு கெய்லியின் குரல் குறைந்துகொண்டே போகிறது. அந்தக் குரல் கெவினைக் கத்தி எடுத்துக் கண்ணில் குத்திக்கொள்ளச் சொல்கிறது. அவன் அவசர உதவிக்குப் போன் செய்கிறான். எதிர்முனையில் இருப்பவர் 'போனைக் கையிலேயே வைத்துக்கொள்' என்கிறார். கையில் இருக்கும் போன் பொம்மைப் போனாக மாறிவிடுகிறது. ஒரு கட்டத்தில் திரையில் '572 நாட்கள்' என்று எழுத்து வருகிறது. கடைசியில் இருட்டில் ஒரு முகம் மாதிரி ஏதோ ஒன்று. 'உன் பேர் என்ன?' என்று கெவின் கேட்கிறான். பதில் இல்லை. முடிந்தது.

படிக்கும்போது நிறைய நடப்பதுபோல் தோன்றும். திரையில் இதையெல்லாம் நேரடியாகப் பார்க்க முடியாது. கேமரா பிள்ளைகளைப் பார்ப்பதே இல்லை. கதவு நிலையின் மேல் மூலை, கார்பெட், கூரை, சிதறிக் கிடக்கும் லெகோ துண்டுகள், டிவியின் நீல வெளிச்சம் விழுந்த சுவர். எப்போதாவது ஒரு கால். முகங்கள் கிட்டத்தட்ட கிடையாது. நாம் மேலே சொன்ன 'கதை'யை கிசுகிசுப்பிலிருந்தும் சத்தத்திலிருந்தும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பயம் எங்கிருந்து வருது?

பயந்தவர்கள் பொய் சொல்லவில்லை. அதற்கு உடம்பளவில் காரணம் இருக்கிறது.

படம் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. பின்னர் பழைய ஃபிலிம் போல புள்ளிகள் கொதிக்கும் தோற்றம் கொடுத்திருக்கிறார்கள். இருட்டான காட்சியில் இந்தப் புள்ளிகள் ஒரு நொடிகூட நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். இருட்டையும் அசைவையும் ஒன்றாகப் பார்த்தால் நம் மூளை சும்மா இருக்காது, அதில் முகம் தேடும். மேகத்தில் யானையும், ஈரம் படிந்த சுவரில் ஆள் உருவமும் தெரிவதற்குக் காரணமான அதே பழக்கம். உளவியலில் இதற்கு 'பாரெய்டோலியா' என்று பெயர். கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் உங்களுக்குத் தோன்றும். நிஜமாகவே நிற்கிறார்களா, உங்கள் மூளை வரைந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இயக்குநர் சில இடங்களில் உண்மையிலேயே வைத்திருக்கிறார், பல இடங்களில் ஒன்றும் இல்லை. ஆக, படத்தின் பாதிப் பேயை நீங்கள்தான் தயாரிக்கிறீர்கள்.

சத்தத்திலும் இதே விளையாட்டு. பழைய டேப் ரெக்கார்டர் மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். கிசுகிசுப்பில் சிலவற்றுக்கு மட்டும் சப்டைட்டில் வரும், சிலவற்றுக்கு வராது. வராத இடத்தில் நாம் காதைத் தீட்டிக்கொள்கிறோம். அப்படித் தீட்டிய காதில் திடீரென்று டிவி சத்தமோ அலறலோ விழுந்தால் எப்படி இருக்கும்?

கேமராவின் உயரமும் கோணமும் ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் பார்வையை ஒட்டியே பல இடங்களில் இருக்கிறது. சின்ன வயதில் நடுராத்திரி முழித்துக்கொண்டு, வீட்டில் எல்லாரும் தூங்க, நாம் மட்டும் ஃபேனையும் அலமாரி மேல் இருக்கும் சூட்கேஸையும் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் இல்லாதவர் யார்? அந்த நினைவு யாருக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதோ அவர்களை இந்தப் படம் பிடித்துக்கொள்கிறது. குறிப்பாக, பெரியவர்கள் வீட்டில் இருந்தும் இல்லாதமாதிரி வளர்ந்தவர்களை. படத்தைப் பேய்க் கதையாக இல்லாமல், பெற்றோரால் கவனிக்கப்படாத, ஒருவேளை துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளின் கதையாக வாசிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அப்படி வாசித்தால் டாய்லெட் மறைந்துபோவதுகூடச் சிரிப்புக் காட்சி இல்லை. அடிப்படைத் தேவைகள் ஒவ்வொன்றாகப் பறிபோகும் வீடு அது.

அப்போ, போரடிச்சவங்க சொல்றது தப்பா?

இல்லவே இல்லை. அவர்கள் பக்கமும் வலுவானது. அதைச் சரியாக எடுத்துச் சொல்பவர்கள்தான் குறைவு.

வழக்கமான திகில் படம் ஒரு ஒப்பந்தத்தில் ஓடுகிறது. நம்மை இறுக்கிப் பிடிக்கும், பிறகு விடும். கதவு மெல்லத் திறக்கும், பூனை குதிக்கும், அப்பாடா என்று மூச்சு விடுவோம். அந்த விடுதலையில்தான் சந்தோஷம். 'ஸ்கின்னமரிங்க்' இறுக்கிப் பிடித்துவிட்டு விடுவதே இல்லை. ஒரு நிலை வரைக்கும் அது பயமாக இருக்கும். அதற்கு மேல் உடம்பு தானாகவே தளர்ந்துவிடும். தொடர்ந்து ஒலிக்கும் சத்தம் கொஞ்ச நேரத்தில் காதில் விழாமல் போவதுபோலத்தான் இதுவும். படத்தின் நாற்பதாவது நிமிடத்தில் ஒருவருக்குக் கொட்டாவி வருவது ரசனைக் குறைவு கிடையாது. அவர் மூளை 'இங்கே ஒன்றும் நடக்காது' என்று கணக்குப் போட்டுவிட்டது.

இன்னொரு சிக்கல், ஆள் யார் என்றே தெரியாமல் யாருக்காகப் பதறுவது? கெவினின் முகத்தை நாம் சரியாகப் பார்த்ததே இல்லை. அவனுக்கு என்ன பிடிக்கும், எதற்கு அழுவான் என்று தெரியாது. 'எந்தக் குழந்தையாகவும் இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம்' என்பது இயக்குநர் தரப்பு நியாயம். எனக்கு இது பாதிதான் வேலை செய்தது. கட்டிலுக்கு அடியில் பார்க்கும் காட்சி வரை நான் முழுதாக உள்ளே இருந்தேன். அதன் பிறகு வரும் நீளமான நடுப்பகுதியில், ஒரு கார்ட்டூன் முயல் மாயமாகிற துண்டு மறுபடி மறுபடி ஓடுகிறது. முதல் தடவை சில்லிட்டது. அப்புறம், குறும்படமாக இருந்த விஷயத்தை நூறு நிமிடமாக நீட்டியதன் தையல் தெரிய ஆரம்பித்தது. 'ஹெக்' அரை மணியில் செய்ததைத்தான் இது மூன்று மடங்கு நேரத்தில் செய்கிறது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

அந்தக் கார்ட்டூன்களைப் பற்றி ஒரு சின்னத் தகவல். அவை 1930-களில் வந்தவை, காப்புரிமை இல்லாதவை, எனவே காசு கொடுக்கத் தேவையில்லை. 12 லட்ச ரூபாய்ப் படத்தில் 'அழகியல் தேர்வு' எது, 'பட்ஜெட் தேர்வு' எது என்று பிரிப்பது கஷ்டம்.

கசிந்த பிரின்ட், ஊதிய பலூன்

சண்டை இவ்வளவு பெரிதானதற்குப் படம் மட்டும் காரணம் இல்லை. அது மக்களிடம் வந்து சேர்ந்த வழியும் காரணம்.

2022 இலையுதிர் காலத்தில், ஆன்லைனில் படம் காட்டிய ஒரு திரைப்பட விழாவின் தளத்திலிருந்து பிரதி கசிந்தது. கசிந்த பிரதியிலிருந்து துண்டுகள் டிக்டாக்கில் பரவின. (இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூனிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. எனவே நாம் பார்த்தது யூடியூப் வழியாகவும் ரீல்ஸ் வழியாகவும் வந்த எதிரொலியை.) பத்து இருபது நொடித் துண்டுகள், 'இதுவரை பார்த்ததிலேயே பயங்கரமான படம்' என்ற தலைப்புகள். யாரோ சிலருக்காக எடுத்த படம், எல்லாருக்குமான சவாலாக மாறியது.

ஒரு சுயாதீன இயக்குநருக்குத் திருட்டுப் பிரதி வருமானத்தை அழிக்கும் விஷயம். இங்கே அதே திருட்டுப் பிரதிதான் விளம்பரமாகவும் ஆனது. ஐஎஃப்சி நிறுவனம் 2023 ஜனவரி 13 அன்று வட அமெரிக்காவில் 692 தியேட்டர்களில் வெளியிட்டது. பிப்ரவரியில் திகில் படங்களுக்கான 'ஷடர்' ஓடிடி தளத்துக்கு வந்தது. தியேட்டர் வசூல் மட்டும் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. போட்ட காசைப்போல நூறு மடங்குக்கு மேல். அதனால் திருட்டுப் பிரதி நல்லது என்று யாராவது முடிவு கட்டினால் தப்பு. கசிந்து, யாரும் கண்டுகொள்ளாமல் செத்துப்போன படங்களைப் பற்றி நமக்குச் செய்தி வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த பலூன் ஊதப்பட்ட விதத்துக்கு ஒரு விலை இருந்தது. நூறு நிமிடத்தில் நன்றாக அமைந்த இருபது நொடியை மட்டும் பார்த்தவர், படம் முழுக்க அப்படி இருக்கும் என்று நம்பித்தான் டிக்கெட் எடுக்கிறார். உள்ளே போனால் சுவர். ஏமாந்தேன் என்று அவர் சொன்னால் அதில் என்ன தவறு? விமர்சகர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் பாராட்டிய இந்தப் படத்துக்கு, பொதுப் பார்வையாளர்களில் பாதிப் பேர்கூட நல்ல மதிப்பெண் போடவில்லை. இடையில் இருக்கும் பள்ளத்தில் பெரும்பகுதி, எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலான பள்ளம்.

பார்க்கும் இடமும் முக்கியம். காது அடைத்த ஹெட்போன், இருட்டு அறை, பக்கத்தில் யாரும் இல்லை என்றால் ஒரு படம். பகல் வெளிச்சத்தில், மெட்ரோவில், போனில் பார்த்தால் அது வேறு படம். போதாக்குறைக்கு, ஸ்ட்ரீமிங்கில் டேட்டாவைக் குறைக்க வீடியோவைச் சுருக்கும்போது முதலில் அடி வாங்குவது இருட்டான பகுதிகள்தான். 2019-ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இரவுப் போர் எபிசோடு வந்தபோது 'ஒண்ணுமே தெரியலை' என்று உலகம் முழுக்கப் புகார் எழுந்தது நினைவிருக்கலாம். முழுப் படமுமே இருட்டுப் புள்ளிகளால் ஆனதாக இருந்தால்? மோசமான பிரதியில் அந்தப் புள்ளிகள் கட்டம் கட்டமாக உறைந்துவிடும். மூளைக்கு முகம் வரைய மூலப்பொருளே இல்லாமல் போய்விடும். கசிந்த பிரதியை போனில் பார்த்துவிட்டு 'மொக்கை' என்றவரும், தியேட்டரில் பார்த்து உறைந்தவரும் கண்டது ஒரே படத்தை அல்ல என்றுகூடச் சொல்லலாம்.

'எஃப்' வாங்கிய படங்கள் எல்லாம் மோசமா?

அமெரிக்காவில் 'சினிமாஸ்கோர்' என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. புதுப் படம் வரும் அன்று தியேட்டரில் பார்வையாளர்களிடம் சீட்டு கொடுத்து 'ஏ பிளஸ்' முதல் 'எஃப்' வரை மதிப்பெண் வாங்கும். திகில் படங்களுக்கு இதில் எப்போதுமே கொஞ்சம் அடி விழும். இருந்தாலும் 'கெட் அவுட்' மாதிரி படம் 2017-ல் 'ஏ மைனஸ்' வாங்கியது. அதே ஆண்டு வந்த டேரன் அரொனாஃப்ஸ்கியின் 'மதர்!' வாங்கியது 'எஃப்'. 2016-ல் தியேட்டருக்கு வந்த 'தி விச்' சன்டான்ஸ் விழாவில் சிறந்த இயக்கத்துக்கான விருது வாங்கிய படம், இங்கே கிடைத்தது 'சி மைனஸ்'. 2018-ல் 'ஹெரெடிட்டரி' 'டி பிளஸ்' வாங்கிவிட்டு, உலக அளவில் 8 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. இன்று நவீன திகில் படங்களின் பட்டியல் எதிலும் அந்தப் பெயர் விடுபடுவதில்லை.

இதை வைத்து 'மக்களுக்குப் புரியாத படம்தான் பெரிய படம்' என்று சூத்திரம் போட்டுவிட முடியாது. 2012-ல் வந்த 'தி டெவில் இன்சைட்' படமும் 'எஃப்' வாங்கியதுதான். அது கதையின் நடுவே சட்டென்று முடிந்து, மேலும் தெரிந்துகொள்ள ஒரு இணையதளத்துக்குப் போகச் சொல்லித் திரையில் எழுத்துப் போட்டது. காசு கொடுத்து உட்கார்ந்தவனுக்கு முடிவு தராமல் லிங்க் கொடுத்தார்கள். அது மர்மம் இல்லை, மோசடி.

'மதர்!' கதை வேறு மாதிரி. வீட்டுக்குள் அந்நியர்கள் புகுந்து தொல்லை கொடுக்கும் திகில் படம் என்று நம்பும்படி அதை விற்றார்கள். உள்ளே இருந்ததோ பைபிளையும் பூமியின் அழிவையும் பேசும் உருவகக் கதை. 'இட் கம்ஸ் அட் நைட்' படத்தின் டிரெய்லரைப் பார்த்தவர்கள் இரவில் வரும் அந்த 'இட்' என்ன ஜந்து என்று பார்க்கப் போனார்கள். படத்தில் ஜந்துவே கிடையாது. 'டி' வாங்கியது. இங்கெல்லாம் சீட்டில் விழுந்த மதிப்பெண் படத்துக்கு மட்டுமா, விளம்பரத்துக்குமா? 2011-ல் 'டிரைவ்' படத்தின் டிரெய்லரை நம்பி, கார் சேஸ் படம் என்று போய் ஏமாந்த ஒரு அமெரிக்கப் பெண் வழக்கே போட்டார்.

'உனக்குப் புரியலைன்னா...'

இந்தச் சண்டையில் எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. படம் பிடித்தவர்களில் ஒரு கூட்டம், பிடிக்காதவர்களைப் பார்த்து 'உங்களுக்குக் கவனிக்கும் பொறுமை போயிடுச்சு, ரீல்ஸ் பார்த்துப் பார்த்து மூளை கெட்டுப்போச்சு' என்கிறது. பிடிக்காதவர்களில் ஒரு கூட்டம் 'சும்மா அறிவாளி மாதிரி நடிக்கிறாங்க' என்கிறது. இரண்டுமே சோம்பேறித்தனமான வாதம். ரீல்ஸ் மூலமாகத்தானே இந்தப் படமே பரவியது?

ஒரு படம் தெளிவில்லாமல் இருப்பதற்கும், காலியாக இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? பல்கேரியாவில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த இலக்கியக் கோட்பாட்டாளர் ஸ்வெதான் தோதோரோவ் 1970-லேயே இதற்கு ஒரு பதில் சொன்னார். நடப்பதற்கு இயல்பான விளக்கம் ஒன்று, அமானுஷ்ய விளக்கம் ஒன்று. இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியாமல் நாம் தயங்கும் அந்த நேரம்தான் இந்த வகைக் கதையின் உயிர் என்றார். ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். அதாவது, தெளிவின்மை வேலை செய்ய வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு விளக்கங்களாவது உயிரோடு இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் அது மூட்டம் மட்டுமே.

'ஸ்கின்னமரிங்க்'கை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். தலையில் அடிபட்ட கெவின் நினைவிழந்து கிடக்கிறான், நாம் பார்ப்பது அவன் மூளைக்குள் ஓடும் முடியாத இரவு என்பது ஒரு வாசிப்பு. ஆரம்பத்தில் வரும் போன் உரையாடலும் '572 நாட்கள்' என்ற எழுத்தும் இதற்குப் பொருந்துகின்றன. அந்த வீட்டில் நிஜமாகவே ஒரு தீய சக்தி பிள்ளைகளை வைத்து விளையாடுகிறது என்பது இரண்டாவது. கெய்லிக்கு நேர்வது இதற்குப் பொருந்துகிறது. பெற்றோரின் பிரிவும் புறக்கணிப்பும் ஒரு குழந்தையின் கண்ணில் இப்படித் தெரிகிறது என்பது மூன்றாவது. கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அம்மா சொல்வது இதற்குப் பொருந்துகிறது. மூன்றுக்கும் படத்துக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது. ஆக, 'உள்ளே ஒண்ணுமே இல்லை' என்ற குற்றச்சாட்டு நிற்காது. 'உள்ளே இருப்பதற்கு நூறு நிமிடம் அதிகம்' என்ற குற்றச்சாட்டு நிற்கும். இவை இரண்டும் வேறு வேறு புகார்கள். சண்டையில் இவை குழம்பிப்போவதால்தான் யாரும் யாரையும் ஏற்கவைக்க முடியவில்லை.

நம்மில் பலருக்கு இது கூடுதல் சிரமம். 'காஞ்சனா', 'அரண்மனை' வரிசையில் பேய்க்கு ஒரு பிளாஷ்பேக் இருக்கும், அநியாயம் நடந்திருக்கும், கடைசியில் கணக்குத் தீரும். பேய்க்கே நியாயம் கிடைக்கும் ஊரிலிருந்து போய், பேய்க்குப் பெயர்கூட இல்லாத படத்தில் உட்கார்ந்தால் தடுமாற்றம் வரத்தான் செய்யும். அது பழக்கம், அவ்வளவுதான்.

மதிப்பீடுகள் காலப்போக்கில் மாறுவதும் உண்டு. இன்று திரைப்பட வகுப்புகளில் பாடமாக இருக்கும் குப்ரிக்கின் 'தி ஷைனிங்' 1980-ல் வந்தபோது, மோசமான இயக்குநருக்கான ராஸி விருதுக்குப் பரிந்துரை வாங்கியது. பின்னர் அந்தப் படத்துக்கு ரசிகர்கள் கொடுக்கும் விதவிதமான விளக்கங்களை மட்டுமே வைத்து 2012-ல் 'ரூம் 237' என்று ஒரு ஆவணப்படமே வந்தது. 'ஸ்கின்னமரிங்க்'குக்கும் இது நடக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். 'தி ஷைனிங்'கில் விளக்கம் எதுவும் வேண்டாம் என்று உட்கார்ந்தாலும் ஒரு அப்பா கோடாரியோடு துரத்துவது இருக்கிறது. இங்கே விளக்கத்தை எடுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியே இல்லை.

அடுத்து என்ன?

15,000 டாலர் என்ற தொகை திகில் சினிமாவில் ஏற்கெனவே பிரபலம். ஓரன் பெலி சான் டியேகோவில் தன் வீட்டிலேயே எடுத்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' படத்தின் ஆரம்பச் செலவும் அதே அளவுதான். 2009-ல் பெரிய அளவில் வெளியாகி, 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் பெரிய ஸ்டூடியோ உள்ளே வந்ததும் முடிவுக் காட்சி மாறியது, பார்வையாளர் கத்திவிட்டு வெளியே போக ஒரு கடைசி அடி சேர்ந்தது. 'ஸ்கின்னமரிங்க்' அப்படி யாருக்காகவும் முடிவை மாற்றாமலே வெளியானது. வசூலில் இருக்கும் நூறு மடங்கு வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம். கைல் எட்வர்ட் பால் எடுக்க நினைத்ததையே நாம் பார்த்தோம் என்பதற்கும் அதுதான் காரணம்.

இந்த வழியில் அவர் தனியாகவும் இல்லை. 2022 ஜனவரியில் கேன் பார்சன்ஸ் என்ற 16 வயதுப் பையன், ஆள் இல்லாத மஞ்சள் நிற அறைகள் முடிவில்லாமல் நீளும் 'தி பேக்ரூம்ஸ்' வீடியோவை யூடியூபில் போட்டான். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 'ஹெரெடிட்டரி'யை வெளியிட்ட அதே ஏ24 நிறுவனம் அதைத் திரைப்படமாக்க அவரையே இயக்குநராகப் பிடித்தது. காலி அறை, குறைந்த வெளிச்சம், விளக்கம் இல்லாத பயம் என்று யூடியூபில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இது பழகிய மொழி. தியேட்டரில் டிக்கெட் எடுக்கும் மற்றவர்களுக்கு இல்லை. அதனால் இந்த 'பயமா, போரா' சண்டை இன்னும் சில படங்களுக்கு நடக்கும்.

'ஸ்கின்னமரிங்க்' பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் முதலில் 'ஹெக்' குறும்படத்தைப் பாருங்கள். யூடியூபில் இலவசமாகவே இருக்கிறது. ராத்திரி, ஹெட்போன், விளக்கு அணைத்து. பத்தாவது நிமிடத்தில் கை தானாக மணி பார்க்கப் போனால் பெரிய படம் உங்களுக்கானது இல்லை, நூறு நிமிடம் மிச்சம். அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தீர்கள் என்றால், அடுத்த நாள் வேலை இல்லாத ஒரு ராத்திரியாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.